அப்படி ஒருவரும் இந்த வீட்டில் இல்லை

யூன் 3, செவ்வாய்

நீலக்காரரின் பில் வந்தது. மூன்று மாதத்துக்கு அறுநூற்று எண்பத்தாறு டொலர். இதற்கு முந்தியது நானூற்றுப் பதினெட்டு. இரண்டையும் குசினிச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

மெல்பேர்ணில் வீட்டுக்குக் கரண்ட் விற்க இருபது முப்பது கம்பனிகள் இருக்கின்றன. கம்பி ஒன்றுதான், மீட்டர் ஒன்றுதான், விற்கிறவன் மட்டும் வேறு வேறு. பெயர்களை நான் நினைவில் வைப்பதில்லை. சட்டை மாற்றுவதுபோல் மாற்றுகிறார்கள். கடித உறையின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம். ஒன்பது வருடமாக நாங்கள் நீலக்காரரிடம் இருக்கிறோம்.

ஊரில் இருபத்திரண்டு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்தவன் நான். தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுகிறவனையும் கண்டிருக்கிறேன், படியின் அடியை உள்ளே தட்டி வைக்கிறவனையும் கண்டிருக்கிறேன். கண்ணால் காண முடியாத சரக்கை விற்கிறவன் என்னென்ன செய்வான் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆகையால் இன்று முதல் எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதிவைக்கிறேன். நாளைக்கு வழக்கென்று வந்தால் எழுத்து நிற்கும்.

மனைவி பூமணியிடம் பில்லைக் காட்டினேன். மூக்கில் இருந்த குழாயைச் சரிசெய்துகொண்டே, "மெசின் வந்த மாதத்திலையிருந்துதானேப்பா கூடியிருக்கு," என்றாள்.

அவளுக்கு நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது. மார்ச்சில் ஆஸ்பத்திரியால் ஒட்சிசன் இயந்திரம் ஒன்றைக் கொடுத்தார்கள். கட்டிலடியில் இரவும் பகலும் ஓடுகிறது. கரண்ட் நின்றால் பாவிக்க என்று ஒரு சிலிண்டரும் தந்தார்கள். அது மூலையில் நிற்கிறது. இயந்திரம் ஒரு சின்னச் சூட்கேஸ் அளவுதான். அது இருநூற்று அறுபத்தெட்டு டொலரைத் தின்னும் என்று நான் நம்பவில்லை.

யூன் 4, புதன்

காலை ஏழு மணி மீட்டர்: 41 386.

யூன் 5, வியாழன்

காலை ஏழு மணி: 41 409. ஒரு நாளைக்கு இருபத்துமூன்று அலகு. ஒரு கிழவனும் ஒரு கிழவியும்.

யூன் 7, சனி

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தால் மீட்டர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வெளியே எவனோ இழுக்கிறான். பூமணியைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு வெளியே போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். மீட்டரின் சிவப்புப் பொட்டு கண் சிமிட்டுவதை நிறுத்தியது. பத்து நிமிடம் குளிரில் நின்று பார்த்தேன். ஒரு சிமிட்டலும் இல்லை.

உள்ளே வந்ததும் பூமணி கேட்டாள்: "என்ன, கள்ளனைப் பிடிச்சாச்சோ?"

"அவனுக்கு இண்டைக்கு லீவு."

சிரித்து இருமினாள். பத்து நிமிடத்தில் அகப்படுகிறவன் கள்ளன் அல்ல. வேறொரு நாள், வேறொரு நேரத்தில் பார்க்க வேண்டும்.

யூன் 9, திங்கள்

பக்கத்து வீட்டுச் சென்னியப்பன் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரன். நாற்பது வயதிருக்கும். வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்கிறான். கூரை முழுக்கச் சூரியத் தகடு. போன வருடம் அலுமாரி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை வேலியோரச் சுவரில் பூட்டினான். பட்டரியாம். எங்கள் மீட்டர்ப் பெட்டிக்கும் அதற்கும் இடையில் பத்து அடிதான். இவ்வளவு பெரிய வீட்டில் அதற்கு வேறு சுவர் கிடைக்கவில்லையா?

இன்று காலை நான் மீட்டர் பார்க்கும்போது வேலிக்கு மேலால் தலை தெரிந்தது.

"ஏனுங்க ஐயா, தெனமும் அந்தப் பொட்டியவே பாத்துட்டு நிக்கறீங்க?"

"தம்பி, உம்மட பட்டரிக்குக் கரண்ட் எங்கையிருந்து வருது?"

"சூரியன்ல இருந்துங்க."

"மழை நாளிலை?"

சிரித்தான். சிரித்தவன் பதில் சொல்லவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

பிறகு அவனாகவே, "ஒரே கம்பெனில எத்தன வருசமுங்க?" என்று கேட்டான். ஒன்பது என்றேன். "அட போங்க. பழைய கஸ்டமர் தலையிலதானுங்க மொளகா அரைப்பாங்க. வேற பிளான் பாருங்க. பகல்ல பதினொண்ணுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் கரண்ட்ட இலவசமாவே குடுக்கறாங்க சில பேரு."

இலவசம். சங்கக்கடையில் நான் ஒருநாளும் ஒரு இறாத்தல் சீனியைச் சும்மா கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் அது வண்டு விழுந்த சீனியாக இருந்திருக்கும்.

யூன் 14, சனி

மகள் வதனி வந்தாள். இருபது நிமிடக் கார் ஓட்டத்தில் இருக்கிறாள், சனிக்கிழமைகளில் வருவாள். விலைகளை ஒப்பிட்டுப் பார்க்க அரசாங்கமே ஒரு இணையத்தளம் வைத்திருக்கிறது என்று மடிக்கணினியைத் திறந்தாள். அது விலை சொல்லுமுன் கேள்வி கேட்டது. எத்தனை அறை, எதில் சமையல், எத்தனை மணிக்குச் சமையல்.

"நாங்கள் எத்தினை மணிக்குச் சமைச்சால் இவைக்கென்ன?"

"அப்பா, பின்னேரம் மூண்டிலையிருந்து ஒன்பது வரை கரண்ட் விலை கூட. அதுக்குத்தான் கேக்கினம்."

"உது என்ன, வீட்டிலை எத்தினை பேர் எண்டும் கேக்கினமோ?"

"ஓம். ரெண்டு பேர்."

"ஆறு எண்டு போடு."

"ஏனப்பா?"

"போடெண்டால் போடு."

வதனி தாயைப் பார்த்தாள். தாய் யன்னலைப் பார்த்தாள். ஆறு என்று போட்டாள். ஆறு பேர் உள்ள வீட்டுக்கான விலைகள் வந்தன. அவற்றை நான் மூன்றால் வகுத்துக்கொண்டேன்.

போகும்போது சொன்னாள்: "கம்பனி மாத்திறதெண்டால் எனக்குச் சொல்லாமல் மாத்தாதேங்கோ. அம்மாவின்ரை மெசினை நான் உங்கட நீலக்காரரிட்டைப் பதிஞ்சு வைச்சிருக்கிறன்."

"என்னத்தைப் பதிஞ்சாய்?"

"அம்மாவின்ரை பேர், பிறந்த திகதி, என்ன மெசின் எண்டு. லைன் வேலைக்குக் கரண்டை நிப்பாட்டிறதெண்டால் அப்பிடிப் பதிஞ்ச வீட்டுக்கு முதலே தனியாப் போன் எடுத்துச் சொல்லுவினம். ஆஸ்பத்திரியிலை சொல்லித்தான் விட்டவை."

"ஆரைக் கேட்டுப் பேர் குடுத்தாய்?"

"அப்பா, இது மெல்பேர்ண்."

"பேர் கேக்கிறவனுக்கு எல்லா ஊரும் ஒண்டுதான்."

சாப்பிடாமல் போய்விட்டாள். இடியப்பம் ஒன்பது மிஞ்சியது.

யூன் 19, வியாழன்

பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் கம்பனிகளை வரிசையாக எழுதி நான்கு நாளாகப் பார்க்கிறேன். எல்லோருக்கும் போன் எடுத்தேன்.

முதலில் நாள் கட்டணம் என்று ஒன்று. ஒரு அலகும் பாவிக்காவிட்டாலும், வீட்டுக்குக் கம்பி வந்து நிற்பதற்கே ஒரு நாளைக்கு ஒரு டொலருக்கு மேல். கடைக்கு வந்தவனிடம் வாசல் மிதித்த கூலி வாங்குவது போல. மஞ்சள்காரர் அலகு விலையைக் குறைத்துவிட்டு இந்தக் கூலியில் ஏற்றியிருக்கிறார். செம்மஞ்சள் உறைத் தோடம்பழக்காரர் இருபது வீதம் கழிவு என்கிறார். எந்த விலையிலிருந்து கழிவு என்று கேட்டேன். மேலாளரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அந்தப் பெண்பிள்ளை பாட்டைப் போட்டுவிட்டுப் போனாள். பதினேழு நிமிடம் பாட்டுக் கேட்டேன். ஊதாக்காரரின் விலை முதல் வருடத்துக்கு மட்டும். இரண்டாம் வருடம் என்னவென்று மூன்றாம் பக்கத்தில் எறும்பெழுத்தில் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

கிளிப்பச்சைக்காரர்தான் அந்த இலவசக்காரர். பதினொன்று முதல் இரண்டு வரை சும்மா. பின்னேரம் மூன்று முதல் ஒன்பது வரை அலகு நாற்பத்தாறு சதம். பகலில் கொடுத்த கையால் பின்னேரம் பிடுங்குகிறார். ஆனால் எங்கே பிடுங்குகிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருப்பவர் இவர் ஒருவர்தான். களவைச் சொல்லிவிட்டுச் செய்கிறவனோடு வியாபாரம் செய்யலாம்.

யூன் 21, சனி

மறுபடி மெயினை இறக்கிப் பார்த்தேன், இம்முறை மத்தியானம், பதினைந்து நிமிடம். பொட்டுச் சிமிட்டவில்லை. சிலிண்டரின் ஊசி பாதிக்கு வந்திருக்கிறது. கொண்டுவந்த அன்று முழுதாக இருந்ததா என்பதே சந்தேகம்.

வதனி வரவில்லை.

யூன் 27, வெள்ளி

கிளிப்பச்சைக்காரருக்கு மாறிவிட்டேன். நாற்பது நிமிடம் போனில் எடுத்தது. விலைகளை ஒவ்வொன்றாக அந்தப் பெண்பிள்ளையைச் சொல்லவைத்து நானும் எழுதி, திருப்பி வாசித்துக் காட்டினேன். சலிக்காமல் கேட்டாள். சலிக்காதவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்டாள். உயிர்காக்கும் மருத்துவ இயந்திரத்தை நம்பி இருப்பவர் எவராவது வீட்டில் உண்டா?

அப்படி ஒருவரும் இந்த வீட்டில் இல்லை என்றேன். பூமணியின் இயந்திரம் எனக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது.

வியாபாரியிடம் வீட்டு நோயைச் சொல்லக்கூடாது. வாங்கித்தான் ஆகவேண்டியவன் என்று தெரிந்தால் விலை ஏறும். இது ஒரு காரணம்.

ஊரில் சண்டை நடந்த காலத்தில் ஒருமுறை துப்பாக்கியோடு வந்து ஒவ்வொரு வீட்டிலும் இருப்பவர்களின் பட்டியல் கேட்டார்கள். பெயர், வயது, உறவுமுறை. எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீட்டுக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவனின் முகம் நினைவில் இல்லை. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுத்தை நானாகப் பழகியவன். அச்சுப் போல இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு நான்கு பெயர். மூத்தவன் நகுலேசுக்குப் பத்தொன்பது. பதினைந்து என்று எழுதியிருக்கலாம். பார்த்தால் அவ்வளவுதான் மதிக்கலாம். பொய் எழுதாதவன் என்று எனக்கு அந்த நாளில் ஒரு பெருமை இருந்தது.

கிளிப்பச்சை விலை வருகிற வாரம் முதல் நடைமுறைக்கு வருகிறது. வதனிக்கு இன்னும் சொல்லவில்லை. பில் வந்த பிறகு சொன்னால் போதும்.

யூலை 2, புதன்

காலை ஏழு மணி: 42 061. இன்று முதல் கிளிப்பச்சை.

யூலை 9, புதன்

பதினொரு மணி அடித்ததும் வீடு திருவிழா வீடாகிவிடுகிறது. சோறு, சலவை, குளிக்க வெந்நீர், ஹீட்டர், கிரைண்டர் எல்லாம் ஒரே நேரத்தில். இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். சும்மா கிடைப்பதை வீணாக்கக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் உழுந்து அரைக்கிறேன்.

"நாலு நாளாத் தோசை," என்றாள் பூமணி. "ஓசிக் கரண்டுக்கு உழுந்து வாங்கியே முடியப்போறியள்."

"உழுந்து விலையையும் கணக்கிலை சேர்த்துத்தான் பாத்தனான்."

"என்ரை கழுத்திலை இருந்து தோசைமணம் வருது. அதையும் சேருங்கோ."

மூன்று மணிக்குப் பிறகு ஹீட்டர் போடுவதில்லை. ஒரு விளக்கு மட்டும். பூமணி இரண்டு சுவெட்டரும் சால்வையும் போட்டுக்கொள்கிறாள். இருமல் கொஞ்சம் கூட. குளிர்காலந்தானே.

மூன்றிலிருந்து ஒன்பது வரை ஓடுகிற ஒரே பெரிய சாமான் அந்த இயந்திரம்தான். அதையும் ஒரு மணித்தியாலம் நிறுத்தினால் என்னவென்று இன்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். மையால் எழுதியதை நான் வெட்டுவதில்லை.

யூலை 14, திங்கள்

சாம்பல் உறையில் ஒரு கடிதம். எங்களோடு எந்த ஒப்பந்தமும் இல்லாத ஒரு கம்பனி. கரண்டை யார் விற்றாலும் கம்பத்துக்கும் கம்பிக்கும் தாங்கள்தான் சொந்தக்காரராம். யூலை 24, வியாழன், காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை எங்கள் தெருவில் மின்சாரம் நிற்குமாம். மருத்துவ இயந்திரம் பாவிப்பவர் இருந்தால் உடனே தொலைபேசி எடுக்கட்டாம்.

புழுவை எப்படிக் கோர்க்கிறார்கள் பாருங்கள். வீட்டில் நோயாளி உண்டா என்று அறிய இன்னொரு வழி. இலவச நேரத்தையும் சேர்த்து மறிக்கப் பார்க்கிறார்கள். உண்மையென்றால் காசு வாங்குகிற கிளிப்பச்சைக்காரர் அல்லவா எனக்கு எழுதியிருக்க வேண்டும்?

நல்ல தடித்த தாள். பின்பக்கம் வெறுமை. சாமான் பட்டியல் எழுதினேன்: வெங்காயம், நல்லெண்ணெய், உழுந்து இரண்டு கிலோ.

யூலை 19, சனி

வதனி வந்தாள். தாயோடு இருந்தாள். தாயின் கையைத் தொட்டுப் பார்த்து, "ஏன் வீடு இப்பிடிக் குளிருது?" என்றாள். கதவைத் திறந்து வைத்திருந்தோம் என்றேன்.

அவள் போன பிறகு மெயினை இறக்கிப் பார்த்தேன், இருபத்தைந்து நிமிடம். சென்னியப்பன் வீட்டில் ஆட்கள் கூடியிருந்தார்கள். இழுப்பதென்றால் இன்றுதான் இழுத்திருப்பான். பொட்டுச் சிமிட்டவில்லை. சிலிண்டர் ஊசி சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில். மொத்தம் பாவித்தது ஐம்பது நிமிடம். குறைய நிரப்பித் தந்திருக்கிறார்கள்.

யூலை 25, வெள்ளி

நேற்று எழுதவில்லை.

காலை ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்கு இயந்திரம் நின்று கீச்சிடத் தொடங்கியது. பூமணியைச் சிலிண்டருக்கு மாற்றினேன். வெளியே போய்ப் பார்த்தேன். மெயின் சுவிட்ச் மேலேதான் இருந்தது. மீட்டரின் முகம் வெறுமையாக இருந்தது. கிளிப்பச்சைக்காரர் வெட்டிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கைப்பேசியை எடுத்து அழைத்தேன். பாட்டுப் போட்டார்கள்.

உள்ளே வந்தபோது சிலிண்டரின் சீறல் மெலிந்துகொண்டு வந்தது. தட்டிப் பார்த்தேன். ஊசி சிவப்புக்குள் படுத்துவிட்டது. பூமணி கட்டிலில் நிமிர்ந்து இருந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சை இழுத்தாள். உதடு நாவற்பழம் தின்ற பிள்ளையின் உதடு போல ஆகியது. கைப்பேசிக்குள் இன்னும் பாட்டு.

வேலியடிக்கு ஓடினேன். சென்னியப்பன் வீட்டில் விளக்கு எரிந்தது. ரேடியோவும் கேட்டது.

"எங்கட கரண்டை என்ன செய்தனீர்?" என்று கத்தினேன்.

யன்னலைத் திறந்தான். "என்னங்க ஐயா? தெருவுக்கே கரண்ட் இல்லீங்க. லெட்டர் வந்துச்சே. என்ற வீடு பேட்டரியில ஓடுது..." என்று சொல்லிக்கொண்டு வந்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "அம்மா மிசினு?"

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒரு சுருள் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியால் பாய்ந்தான். என் கறிவேப்பிலைக் கன்று முறிந்தது. குசினி யன்னலால் வயரை உள்ளே இழுத்து இயந்திரத்தில் செருகினான். அது ஒருமுறை உறுமி ஓடத் தொடங்கியது. ஓடினாலும் உடனே காற்றுத் தேறாது, சில நிமிடம் எடுக்கும். அந்தச் சில நிமிடத்தில் அவன் அம்புலன்சுக்குப் போன் எடுத்தான், என் கைப்பேசியை வாங்கி வதனிக்கு எடுத்தான், பூமணியின் முதுகைத் தடவிக்கொண்டு, "மெதுவாங்க அம்மா, மூக்குல இழுங்க, அவ்வளவுதானுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் செருகியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது தானாகவே இறுக்கமாகத்தான் இருந்தது.

இயந்திரம் நின்றதற்கும் பூமணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததற்கும் இடையில் முப்பத்தொரு நிமிடம். அம்புலன்சில் வந்தவர்கள் அளந்து பார்த்து, ஆஸ்பத்திரிக்குத் தேவையில்லை என்று சொல்லி, வேறொரு சிலிண்டர் வைத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு சென்னியப்பன் கேட்டான்: "ஏனுங்க ஐயா, இப்படி மிசினு இருக்கற வீட்டுக்கு முன்கூட்டியே போன் பண்ணுவாங்களே. பதிஞ்சு வெச்சா பில்லுலயும் கொறைப்பாங்க. நீங்க பதியலீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. அவன் அதைக் குறித்துக்கொண்டானோ தெரியாது.

பிற்பகல் இரண்டே காலுக்குத் தெருவுக்குக் கரண்ட் வந்தது. வயரைச் சுற்றிக் கொடுத்தேன். எத்தனை அலகு ஓடியிருக்கும் என்று கேட்டேன். "போங்க ஐயா," என்றான்.

யூலை 26, சனி

வதனி குசினியில் நின்று சாமான் பட்டியலை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இதை வாசிச்சனீங்களோ அப்பா?"

"வாசிச்சனான்."

"வாசிச்சுப்போட்டு உழுந்து எண்டு எழுதியிருக்கிறியள்."

நான் கிளிப்பச்சைக்காரருக்கு மாறியதையும், அந்தப் பெண்பிள்ளைக்கு என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அறைக்குள் போய்த் தாயின் உடுப்புகளைப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

"நான் எங்கையும் வரேல்லை," என்றாள் பூமணி. "இவர் தனிய இருந்தால் மீட்டரோடை கதைக்கத் தொடங்கிவிடுவார்."

"இப்ப மட்டும் என்ன செய்யிறவராம்?" வதனி சிரிக்கவில்லை. கிளிப்பச்சைக்காரரின் படிவம் ஒன்றை அச்சடித்து வைத்திருந்தாள், மேசையில் போட்டாள். "இதிலை அம்மாவின்ரை விபரம் எழுதோணும். டொக்டர் ஒரு பக்கம் எழுதுவார், அதை நான் வாங்கித் தாறன். மிச்சம் உங்கட கை. கணக்கு உங்கட பேரிலை, நான் வைக்கிற கையெழுத்து செல்லாது. வெள்ளிக்கிழமைக்குள்ளை அனுப்புங்கோ. இல்லாட்டிச் சனிக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவன். பேந்து அவவே வரமாட்டன் எண்டாலும் கேக்கமாட்டன்."

யூலை 28, திங்கள்

படிவம் மேசையில் இருக்கிறது. ஹீட்டர் நாள் முழுக்க ஓடுகிறது.

யூலை 30, புதன்

டொக்டர் எழுதிய பக்கம் வந்தது. அவருடைய எழுத்துக் கோழி கிளறியதுபோல் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டார்.

யூலை 31, வியாழன்

காலை பேனையை எடுத்தேன். கணக்கு வைத்திருப்பவரின் பெயர்: அருளம்பலம். என் பெயரை எழுதுவதில் எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வரி: வீட்டில் வசிப்பவர்களில் இயந்திரத்தை நம்பி இருப்பவரின் முழுப்பெயர், பிறந்த திகதி, உங்களுக்கு என்ன உறவு. பெயர், வயது, உறவுமுறை. கட்டங்கள் வடிவாகக் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

மத்தியானம் வரை அப்படியே இருந்தேன். பூமணி குழாயை இழுத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து எதிரே இருந்தாள்.

"அவன் உங்கட எழுத்தாலை போகேல்லையப்பா," என்றாள்.

நகுலேசைப் பற்றி இந்த வீட்டில் நாங்கள் கதைப்பதில்லை. முப்பது வருடத்தில் அவளாகப் பேச்சை எடுத்தது இதுதான் முதல் தடவை.

"எழுதிக் குடுக்காத வீட்டுக்குள்ளையும் வந்து பிடிச்சவை. அடுத்த ஒழுங்கை முருகேசற்றை பெடியன்ரை பேர் ஒரு தாளிலையும் இல்லை. அவனும்தான் திரும்பி வரேல்லை."

"வயதைக் குறைச்சு எழுதியிருக்கலாம்," என்றேன்.

இல்லை என்று சொல்வாள் என்று இருந்தேன். மூக்குக் குழாயைச் சரிசெய்தாள்.

"எழுதியிருக்கலாம்," என்றாள்.

கிரைண்டர் ஓடவில்லை, சலவை இயந்திரம் ஓடவில்லை. இலவச நேரம் போய்க்கொண்டிருந்தது.

பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளினாள். "இப்ப என்ரை பேரை எழுதுங்கோ. மூச்சு விடுறவையின்ரை பேரைத்தானே கேக்கினம்."

எழுதினேன். ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்தாக. பிறந்த திகதியில் கை நின்றது. ஒரு வருடம் கூட்டியோ குறைத்தோ போடலாம் என்று பட்டது. உள்ளதையே போட்டேன். உறவுமுறை: மனைவி.

"எழுத்துக் கட்டத்துக்கு வெளியிலை போகுது," என்றாள் பூமணி எட்டிப் பார்த்து. "முந்தி அச்சுப் போல எழுதுவியள்."

ஓகஸ்ட் 1, வெள்ளி

சென்னியப்பன் வேலியால் கேட்டான்: "போட்டோ எடுத்து மெயில்ல அனுப்பிரலாங்க ஐயா, ரெண்டு நிமிசம்."

வேண்டாம் என்றேன். எங்கே போகிறது, யார் எடுக்கிறார் என்று தெரியாத வழியால் அவளுடைய பெயரை நான் அனுப்புவதில்லை. பூமணியோடு இருக்கச் சொல்லி அவனைக் கேட்டேன். கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் குசினியில் இருந்து வேலை செய்தான்.

கடைத்தெருத் தபால்பெட்டியில் மாலை ஐந்து மணிக்குக் கடிதம் எடுப்பதாக எழுதியிருக்கிறது. இரண்டரைக்குப் போட்டேன். போட்டுவிட்டு எதிரே இருந்த பேருந்துத் தரிப்பிடத்தில் இருந்தேன். நான்கு பேருந்து வந்து எனக்காகக் கதவைத் திறந்து மூடிவிட்டுப் போயின.

நாலரைக்குப் பூமணி போன் எடுத்தாள். "என்னப்பா, கடிதத்தைப் பெட்டியிலை போடப் போனனீங்களோ, கம்பனிக்கே நடந்து போறியளோ?"

"வாறன். கொஞ்சம் வேலை இருக்கு."

"தம்பிக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்திட்டன். மெதுவா வாங்கோ."

ஐந்து மணி எட்டு நிமிடத்துக்குச் சிவப்புத் தபால் வான் வந்தது. இறங்கியவனுக்கு ஐம்பது வயதிருக்கும். செம்பட்டைத் தாடி, அரைக் காற்சட்டை, இடது பெருவிரலில் பிளாஸ்டர். பெட்டியைத் திறந்து சாக்கில் கொட்டினான். எங்கள் உறை மற்றக் கடிதங்களோடு விழுந்ததைக் கண்டேன். என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நான் அசைக்கவில்லை. வானின் இலக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இந்த முறை, வாங்கிக்கொண்டு போனவனின் முகத்தை வடிவாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.